குடும்பக் கடற்கரை: எந்தக் குடும்பத்துக்கு?

கிழக்குக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்காக எழுதப்படும் எந்தக் கையேட்டை எடுத்தாலும் அறுகம் குடாவைப் பற்றி இரண்டு விடயங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, அலைச்சறுக்குப் பழகத் தொடங்குபவர்களுக்கு அது தோதான இடம் என்பது. மற்றது, பிள்ளைகுட்டிகளோடு போய் இருக்கத்தக்க கரை அது என்பது. இரண்டும் உண்மைதான். எனக்குள்ள பிணக்கு 'குடும்பம்' என்ற சொல்லோடுதான். அந்தச் சொல்லுக்குள் பேர்லினிலிருந்து வரும் குடும்பம் இருக்கிறது, மெல்பேர்னிலிருந்து வரும் குடும்பம் இருக்கிறது, அண்மைக் காலமாகக் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வரும் குடும்பமும் இருக்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தொலைவில், கடலிரைச்சல் கேட்டபடியே தூங்கி எழும்பும் உல்லைக் குடும்பமும் பொத்துவில் குடும்பமும் அதற்குள் இல்லை. பொத்துவில் பிரதேசத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். ஆயினும் அந்தக் கரையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பவருக்கு, இந்த ஊரில் முஸ்லிம் பெண்கள் என்று ஒரு இனமே இல்லை என்றுதான் தோன்றும்.

இந்த நிலைமைக்கு இரண்டு சாரார் பொறுப்பு. ஒரு சாராரைப் பற்றி நாம் உரத்துப் பேசுகின்றோம். மற்ற சாராரைப் பற்றி வாயே திறப்பதில்லை, ஏனெனில் அவர்கள் நம்மவர்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. அறுகம் குடாவைக் கண்ணால் காணாமலே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், ஏறக்குறைய மே தொடக்கம் செப்டெம்பர் வரை, தென் சமுத்திரத்தில் பிறக்கும் அலை வெகுதூரம் ஓடிவந்து குடாவின் தென்முனையிலே மோதுகிறது. அந்த முனையில் அடியிலே கல், அலையும் உயரம். தேர்ந்தவர்களுக்கு மட்டுமே அது சரிவரும். 'மெயின் பொயிண்ட்' என்பது அதுதான். அதே அலை முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நுழையும்போது பாதி பலத்தை இழந்துவிடுகிறது. உள்ளே மணல் தரை, இடுப்பளவு தண்ணீர், நுரைத்து வரும் சின்ன அலை. 'பேபி பொயிண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைத் தொட்டறியாத ஒரு பிள்ளை முதல் நாள் காலையிலேயே எழும்பி நிற்கக்கூடிய இடம் அது. தெற்கே பாணமைப் பக்கமாகப் போனால் 'பீனட் ஃபாம்', வடக்கே 'விஸ்கி பொயிண்ட்'. கச்சான் தோட்டமும் விஸ்கியும் நமது கடற்கரைகளின் பெயர்களாகிவிட்டன. நமது மீனவர்கள் அந்த இடங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை எழுதி வைக்கும் பொறுப்பு நமது எழுத்தாளர்களுக்கு இருந்தது. அது நடக்கவில்லை.

இனி முதற் சாராருக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உல்லை தரைமட்டமானது. பிணங்கள் அடக்கி முடியுமுன்னரே அரசு ஒரு கோடு கிழித்தது: வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. மீனவனின் வாடியை அள்ளிக்கொண்டு போகும் கடல், ஹோட்டலின் மதுச்சாலையை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்பினார்கள் போலும்! கூடவே அறுகம் குடாவுக்கென்று ஓர் அபிவிருத்தித் திட்டமும் வந்தது. நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட 'தி ஷொக் டொக்ரின்' நூலில் ஓர் அத்தியாயத்தை இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறார். உயர்விலை விடுதிகள், கடல்விமானத்துக்கு ஓர் இறங்குதுறை, ஹெலிகொப்டருக்கு ஒரு தளம் என அத்திட்டம் கனவு கண்டதை அதில் காணலாம். உல்லை மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோடும் பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் அந்த இரண்டு மூன்று வருடங்களில் கரைக்கும் ஊருக்குமிடையே விழுந்த பிளவு மூடப்படவே இல்லை.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று எழுதுவது நமக்கு வசதி. ஆனால் 2010 ஜூலையில் பாணமையில் ராகம்வெல முதலான கரையோரக் குடியிருப்புகளிலிருந்து ஆயுதம் தரித்தவர்களால் இரவோடிரவாக விரட்டப்பட்டவர்கள் சிங்களக் குடும்பங்கள். அவர்களுடைய நிலங்களில் படை முகாம்களும், கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் எழுந்தன. பாசிக்குடாவில், முருகைக்கல் தடுப்பினால் அலை அடங்கிக் குளம்போலக் கிடக்கும் அந்த அற்புதமான கரையில், 2011 தொடக்கம் வரிசையாக எழுந்த நட்சத்திர ஹோட்டல்களுக்குப் பின்னால் தமிழ் மீனவனும் நிற்கிறான், ஓட்டமாவடி முஸ்லிமும் நிற்கிறான். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளைத் தோல்காரருக்கு மட்டும் என்று ஒரு விருந்துக்கு விளம்பரம் போட்டார்கள். நாடு கொதித்ததும் அதைக் கைவிட்டார்கள். கரையை இழப்பவன் எந்த இனத்தவன் என்று பார்த்து அந்த வியாபாரம் நடப்பதில்லை.

இவ்வளவையும் நாம் எழுதுகின்றோம்; கூட்டம் போடுகின்றோம்; தீர்மானம் நிறைவேற்றுகின்றோம். நல்லது. இனி இரண்டாவது சாரார்.

நமது கரையோர ஊர்கள் சிலவற்றில் பெருநாளைக்கு முதல்நாள் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் வருவதை இப்பத்திரிகையின் வாசகர்கள் பலர் கேட்டிருப்பார்கள். பெண்கள் கடற்கரைக்குச் செல்வதைத் தவிர்ந்துகொள்ள வேண்டும். காரணமும் சொல்லப்படும்: ஆண்களும் பெண்களும் கலப்பது, இளைஞர்களின் சேட்டை, ஒழுக்கச் சீர்கேடு. சேட்டை செய்வது ஆண் பிள்ளைகள். வீட்டில் இருக்க வேண்டியவர்கள் பெண்கள்! அந்த இளைஞர்களைத் தவிர்ந்துகொள்ளச் சொல்லி ஒரு ஒலிபெருக்கியும் அலறக் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிளை மணலில் ஏற்றி ஓட்டுபவன் கடற்கரைக்குப் போகலாம். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைக்க ஆசைப்படும் மூத்தம்மா போகக்கூடாது.

இதற்கு மார்க்கத்தை ஆதாரமாகக் காட்டுகின்றார்கள். நான் ஆலிம் அல்லன். பத்வாக் கொடுக்க வரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்கும்படி உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக நமது மிம்பர்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றோம். நீச்சலைப் பற்றி அந்தச் சொல்லை எடுத்து ஓதியவர்களே, நீச்சல் பழக இருக்கின்ற ஒரே இடத்துக்குப் பூட்டுப் போடுகின்றார்கள். குதிரைக்கு நாம் எங்கே போவது? கடல் வாசலில் கிடக்கிறது.

இதிலே இன்னொரு வேடிக்கை. கடற்கரைக்குப் போகக்கூடாத அதே பெண், கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ரியாதுக்கோ குவைத்துக்கோ பணிப்பெண்ணாகத் தனியே போகலாம். அவளுடைய பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கவும் ஆட்கள் உண்டு. அவள் அனுப்பும் காசில் கட்டிய வீட்டின் திண்ணையிலிருந்து கொண்டுதான் கடற்கரையின் ஃபித்னாவைப் பற்றிப் பேசுகின்றோம். அதுமட்டுமா? கரையோரக் காணியை விடுதிக்காரனுக்குக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் யார்? அங்கே என்ன விற்கப்படும் என்று தெரியாமலா கொடுத்தார்கள்? குத்தகைக் காசு ஹலால், அந்தக் காசு வரும் மணலில் தன் மகள் கால் வைப்பது ஹராம் என்கின்ற இந்தச் சட்டநூல் எந்த மத்ரஸாவில் ஓதப்படுகிறது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கடந்த ஒரு ஜூலை மாதம், என் தங்கையின் குடும்பத்தோடு உல்லையில் இரண்டு நாள் நின்றேன். மருமகளுக்குப் பன்னிரண்டு வயது. பலகை பழக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழக்கிய தம்பி பொத்துவில் பையன், பாடசாலையை ஓ.எல்லோடு விட்டவன். ஆங்கிலத்தை வெள்ளைக்காரரிடமும், கடலைத் தன் வாப்பாவிடமும் படித்தவன். முதலில் மணலிலே பலகையைப் போட்டு, குப்புறப் படுக்கவும், கையை ஊன்றவும், ஒரே வீச்சில் எழும்பவும் பழக்கினான். பிறகு தண்ணீருக்குள். பழகுபவர்களுக்கான பலகை மெதுமையானது. தலையில் பட்டாலும் பெரிய காயம் வராது. கணுக்காலில் ஒரு கயிறு கட்டியிருக்கும், விழுந்தாலும் பலகை கைவிட்டுப் போகாது. கரையில் அபாயாவின் விளிம்பு நனைய நனைய நின்று தங்கை பதறினாள். 'ராத்தா, பயப்பட வேணாம், தண்ணி இடுப்பளவுதான்' என்றான் அவன். எட்டோ ஒன்பதோ தடவை விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, இருமி, அதன் பிறகு அவள் எழும்பி நின்று ஒரு பத்து யார் தூரம் வந்தாள். 'காக்கா, புள்ள எழும்பிட்டாளே!' என்று தங்கை கத்தியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அலையில் ஏற்றுமுன் அந்தப் பையன் அவளுக்கு ஒரு பாடம் சொன்னான். கரையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தாதே, களைத்துப் போவாய். கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் நீந்து, அந்த ஓட்டம் ஒடுங்கியது, சற்று விலகினால் அது உன்னை விட்டுவிடும். பலகையை மட்டும் கைவிடாதே. இந்த மூன்று வசனம் நமது ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பெருநாள் விடுமுறை கழிந்து வரும் பத்திரிகைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். கடலிலும் முகத்துவாரத்திலும் குளத்திலும் மூழ்கிப்போன பிள்ளைகளின் படங்கள் அவற்றிலே இல்லாத வருடம் அரிது. ஜனாஸாவுக்குப் போகின்றோம், சபூர் சொல்கின்றோம், திரும்பி வருகின்றோம்.

உடையைப் பற்றிக் கேட்பார்கள், தெரியும். மருமகள் உடுத்தியிருந்தது கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடையும் அதன் தலைமூடியும். அவளுக்குப் பக்கத்தில் பழகிய வெள்ளைக்காரப் பெண்களில் பாதிப்பேரும் நீண்ட கைச்சட்டையும் நீளக் காற்சட்டையுமாகத்தான் நின்றார்கள். மானத்துக்காக அல்ல, பலகை வயிற்றையும் முழங்காலையும் உரசிப் புண்ணாக்கும், வெயில் தோலை உரிக்கும். அந்த விளையாட்டின் இயல்பான உடைக்கும் நமது பெண்கள் விரும்பக்கூடிய உடைக்கும் இடையே நாம் எண்ணுமளவு தூரமில்லை. அங்கே பிகினியும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மது இருந்தது, இரவில் இசை இருந்தது, போதைப்பொருளும் புழங்குகிறது என்று ஊரவர்களே சொல்கின்றார்கள். இவற்றைப் பற்றி உலமாக்கள் படும் கவலையை நான் கேலி செய்யவில்லை. அது பெற்றோரின் கவலையும்தான். ஆனால் நல்ல குடும்பங்கள் ஒதுங்க ஒதுங்க ஓர் இடம் கெடுமே தவிரத் திருந்தாது. காலை வேளையில் ஐம்பது உம்மாமார் பிள்ளைகளோடு நிற்கின்ற கரையில் பொட்டலம் விற்பவனுக்கு என்ன வேலை?

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முந்திய வருடம் வேறொரு கரையில், ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில், இதே பிள்ளையை இதே உடைக்காக இறங்கவிடாமல் தடுத்தார்கள். சுகாதாரமாம். உடலைக் காட்டினால் நமது ஒலிபெருக்கிக்குப் பிடிக்காது, மூடினால் அவர்களுடைய தடாகத்துக்குப் பிடிக்காது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பொது இடங்களில் ஒரு அபாயாவின் மேல் விழுந்த பார்வையை நமது பெண்கள் மறக்கவில்லை. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம், அறுகம் குடாவில் உல்லாசப் பயணிகள் கூடும் இடங்கள் தாக்கப்படலாம் என எச்சரித்தது. இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறச் சொன்னது. கரையெங்கும் பொலிஸார் குவிக்கப்பட்டார்கள். காஸாவில் பிள்ளைகள் கொல்லப்பட்டுக்கொண்டிருக்க, அந்தப் படையில் சேவை முடித்தவர்கள் இங்கே விடுமுறை கழிப்பதைக் காணும் உல்லை இளைஞனின் நெஞ்சு கொதிப்பது இயற்கை. ஆயின் அந்தக் கொதிப்பைச் சாட்டாக வைத்து ஒரு பயணியின் மேல் கை வைப்பவன் எவனோ, அவன் பலகை பழக்கி உம்மாவுக்கு அரிசி வாங்கும் நமது பையனின் சோற்றில்தான் மண் அள்ளிப் போடுகிறான். அந்த நாட்களில் நடந்தது என்ன? சொந்தக் கரையில் சொந்த ஊர்ப் பையன் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். நமது குடும்பங்கள் ஏற்கெனவே இல்லாத கரையில், நமது பையன்களையும் சந்தேக நபர்களாகப் பார்ப்பது வெகு சுலபம். உம்மாவோடும் ராத்தாவோடும் பிள்ளைகளோடும் ஒருவனைக் கண்டு பழகிய கண், அவனைப் பயங்கரவாதியாகப் பார்க்கச் சற்றே தயங்கும்.

ஆழிப்பேரலையைப் பற்றி நமது கவிஞர்கள் எழுதிய அளவுக்கு வேறு எந்த அனர்த்தத்தைப் பற்றியும் எழுதியிருக்க மாட்டார்கள். 2005இலும் 2006இலும் வந்த சிற்றிதழ்கள் ஒவ்வொன்றும் கடலைச் சபித்தன. கடல் கொலைகாரி, கடல் ராட்சசி, கடல் துரோகி. அந்தத் துயரம் பொய்யல்ல. அம்பாறை மாவட்டம்தான் இந்நாட்டில் அதிக உயிர்களைக் கொடுத்தது. ஆனால் அந்தக் கவிதைகள் கேட்காத ஒரு கேள்வி உண்டு. ஏன் பெண்கள் அதிகமாகச் செத்தார்கள்? ஒக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இந்தோனேசியா, இந்தியா, இலங்கை மூன்றிலும் இதைக் கண்டது. நீச்சலும் மரமேறுதலும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த பழக்கம் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அலைக்கு முன் நீச்சற்காரனும் துரும்புதான். ஆனால் சில பேர் பிழைத்திருப்பார்கள். அந்தச் சில பேரில் ஒருத்தி யாரோ ஒரு பிள்ளையின் உம்மா. அவளுக்காக மர்ஸியா எழுதிய கை, அவளுடைய மகளை நீந்தப் பழக்க வேண்டும் என்று ஒரு பந்தியாவது எழுதியதா?

நமது இலக்கியத்தில் கடல் இரண்டு விதமாகத்தான் வருகின்றது: வாப்பா மீன் பிடிக்கும் கடல், வந்து வாரிச் சுருட்டிய கடல். உழைப்பும் மரணமும். விளையாட்டு இல்லை. ஒரு முஸ்லிம் சிறுமி அலையில் விழுந்து சிரிக்கும் ஒரு கதையை நமது சஞ்சிகைகளில் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. பெண்ணுடல், அதிகாரம், மற்றமை என்று கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அந்த உடலுக்கு உப்புத் தண்ணீர் எப்படியிருக்கும் என்பதை எழுத ஆளில்லை. 2018இல் அறுகம் குடாவில் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள், இலங்கையின் முதலாவது பெண்கள் கழகம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவர்களைத் தேடி வந்து எழுதின. பக்கத்து ஊர்களில் கவியரங்கம் நடத்திக்கொண்டிருந்த நமக்கு அது காதில் விழவில்லை.

கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பதும் வெள்ளைக்காரன் வேலை என்று ஒரு எண்ணம் இருக்கின்றது. அலைப்பலகைக்கு அறுகம் குடா எப்படியோ, முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு முருகைக்கல் பார்ப்பதற்கு நிலாவெளிக்கு எதிரே கிடக்கும் புறாத்தீவு அப்படி. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். படகில் கொஞ்ச நேரம். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஆழமில்லாத தண்ணீரில் முகத்தைத் தாழ்த்தினால் போதும், கல்லும் மீனும், செட்டையில் கறுப்பு நுனியுள்ள சின்னச் சுறாவும் தெரியும். மூழ்கவே தேவையில்லை, உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு மிதந்தபடி ஐந்து வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். இது யாருடைய வித்தை? சிலாபத்துறையிலும் அரிப்பிலும் முத்துக் குளித்தவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும் அரபிகளும் முன்னணியில் நின்றார்கள். முகமூடி கிடையாது, குழாய் கிடையாது. காலில் கல், இடுப்பில் கயிறு, நெஞ்சில் ஒரு மூச்சு. 1906இல் பிரித்தானிய அரசு அந்த முத்துப் படுகைகளை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. கடலைக் குத்தகைக்கு விடுவது புதுசல்ல என்பதை உல்லைக்காரர் அறிந்துகொள்ளட்டும். மூழ்கிய மூதாதையரின் பேரப்பிள்ளைகள், கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் பார்ப்பதை அந்நியக் கலாசாரம் என்று ஒதுக்குகின்றார்கள்.

ஆனால் புறாத்தீவுக்கு நமது சனம் போகின்ற விதத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. போகின்றோம், வானில் ஏறி முப்பது பேராக, பிரியாணிச் சட்டியோடு. லஞ்ச் சீட்டும் சோடாப் போத்தலும் கரையிலே. முருகைக்கல் உயிருள்ள பிராணி என்பது தெரியாமல் அதன் மேல் செருப்புக் காலோடு ஏறி நின்று செல்ஃபி எடுக்கின்றோம். கால் பட்டால் அது ஒடிகிறது. ஒடிந்தது வளர வருடக்கணக்காகும். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இடம் பாடசாலையும் குத்பாவும். தண்ணீரை வீணாக்காதே என்று வுழூச் செய்யும்போது கற்றுக்கொண்ட சமூகம் கல்லை மிதிக்காதே என்பதைக் கற்றுக்கொள்ளாதா?

நான் கேட்பது பெரிய அபிவிருத்தித் திட்டம் அல்ல. பேபி பொயிண்டுக்கு அருகே நல்ல தண்ணீரோடு பெண்களுக்கு இரண்டு உடைமாற்றும் அறைகள், ஒரு மலசலகூடம். பருவகாலம் முழுக்கச் சம்பளத்துக்கு இரண்டு உயிர்காப்பாளர்கள். அதில் ஒருவர் பெண். இதைப் பிரதேச சபை செய்ய வேண்டும், வரி வாங்குகிறதல்லவா? விடுதிக்காரர்கள் கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளை மறித்துப் போட்ட கதிரைகளை எடுக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் சொல்கிறது. அந்த வலயத்துக்குள் எதையும் தன்னிச்சையாகக் கட்ட முடியாது. அந்தச் சட்டத்தைக் காட்டி மீனவனின் வாடியைப் பிடுங்கத் தெரிந்த அதிகாரிக்கு, ஹோட்டலின் சுவரும் கண்ணில் படட்டும். பள்ளிவாசல் சம்மேளனம் செய்யக்கூடியது இன்னும் சின்னது. ஒலிபெருக்கியில் பெண்களைத் தவிர்ந்துகொள்ளச் சொல்வதற்குப் பதிலாக, வார நாட்களில் ஒரு காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை குடும்பங்களுக்கு என்று அறிவித்து, சேட்டைக்காரர்களைத் தவிர்ந்துகொள்ளச் சொல்லலாம். பழக்கும் பையன்களுக்கும் பழக்கப் போகும் பெண்களுக்கும் முதலுதவிப் பயிற்சிக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று உலமாக்களே சொல்லட்டும், கூடாதென்றால் சதகாவிலிருந்து.

இதை வாசித்துவிட்டு மறுப்பு எழுத நினைக்கும் நண்பர்கள் இருப்பார்கள். தாராளமாக எழுதட்டும், அடுத்த இதழில் இடம் கொடுக்கும்படி ஆசிரியரை நானே கேட்டுக்கொள்கின்றேன். ஒரு நிபந்தனை மட்டும். எழுத உட்காருமுன் மே மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் அதிகாலை, பொத்துவில் பஸ்ஸில் வந்து இறங்கி, ஓட்டோ பிடித்து உல்லைக்குப் போகட்டும். சுபஹு தொழுகைக்கு அங்கே பள்ளி இருக்கின்றது. தொழுதுவிட்டுக் கரைக்கு இறங்கினால் ஆறரை மணிக்கெல்லாம் பலகைகளை மணலில் அடுக்கிவிடுவார்கள். வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.